வேகவைக்காத கங்காரு

வரண்டில்லா,
மேற்குக் குயின்ஸ்லாந்து
6 மார்ச் 1994

அன்புத் தங்கை நோலாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமைத் தபாலில் கிடைத்தது. என் நலத்தை விசாரித்திருந்தாய். முழங்கால் தன் கடமையை முணுமுணுப்போடு ஆற்றிவருகிறது; மற்ற உறுப்புகளிடமிருந்து புகார் இல்லை. பிஷப் நலம். ஒரு நாய்க்குரிய உறக்கமும் பசியும் அவனுக்கு ஒரு குறையுமின்றி நடந்தேறுகின்றன. பிரிஸ்பேனின் ஈரம் உன் மூச்சுக்குத் தொல்லை தரவில்லை என்று நம்புகிறேன்.

பேன்ஸியின் அரிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் இதுவரை தின்னாத ஏதேனும் ஒரு கறியைக் கொடுத்துப் பார்க்கும்படி உன் கால்நடை மருத்துவர் சொன்னதும், அவர் கங்காருவைக் குறிப்பிட்டவுடன் நீ மிரண்டதும் அறிந்தேன். மிரட்சியின் காரணம் எனக்கு விளங்குகிறது. நாம் இருவரும் இந்த ஊரில்தானே வளர்ந்தோம். பச்சைக் கங்காரு தின்ற நாய்க்கு ரத்த ருசி ஏறும். அது சூட்டுக் கறி, வயிற்றைக் கழியவைக்கும். இரண்டே மாதத்தில் நாய் வேலி தாண்டப் பழகிவிடும். இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் நமக்குப் பல் முளைத்தது.

பிஷப் ஆறு ஆண்டுகளாகக் கங்காருக் கறி தின்கிறான், அதுவும் பச்சையாக. இன்றுவரை என் வாசற்கதவை அவன் தாண்டியதில்லை. நான் எழுந்துவந்து திறக்கும்வரை, ஒரு பிரபுவின் சலிப்போடு, காத்து நிற்கிறான்.

ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் நாய்க்கான கறி வேகும் தகர டிரம்மை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த நாற்றத்தை எவரால் மறக்க இயலும்? அந்த டிரம் எப்படி வந்தது என்பதையும் நீ மறக்கலாகாது. அப்பாவின் விலாவிலிருந்து எலுமிச்சை அளவு நீர்க்கட்டியை எடுத்த பிறகு, நகரத்திலிருந்து ஒரு செவிலி வந்து ஊரைக் கூட்டிப் பேசினார். ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும், கங்காருவின் உள்ளுறுப்புகளையும் பச்சையாக நாய்க்கு எறியாதீர்கள். அவற்றிலுள்ள புழு நாய் வழியே மனிதனுக்கு வரும் என்றார். அது முற்றிலும் உண்மை. நானும் உள்ளுறுப்பு எதையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. ஆனால் ஊர் 'பச்சை' என்ற சொல்லை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் தொலைத்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் புழு மறைந்துபோய், அதன் இடத்தில் பேய் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகவே துணிந்து வாங்கு. தசைக்கறி மட்டும் வாங்கு. அதில் கொழுப்பு குறைவாதலால் ஓர் எலும்பும் சேர்த்துக் கொடு. நல்ல கங்காருக் கறி பழைய திராட்சைமதுவைப் போலக் கறுத்திருக்கும்.

மூச்சைக் கவனித்துக்கொள்.

என்றும் உன் அக்கா,
வால்டா பென்ரோஸ்


பிரிஸ்பேன்
27 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நோலா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. மூச்சும் சற்று இலகுவாயிருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? கொடுப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே செல்லப்பிராணிகளுக்கான கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குள் தட்டுத் தட்டாக அரைத்த கங்காருக் கறி வைத்திருக்கிறார்கள். என்ன நிறம் அக்கா, அப்போது பூத்த ரோஜா மாதிரி. கடைக்காரர் நல்ல மாதிரி. "எடுத்துட்டுப் போங்கம்மா, ஒரு வாரம் வெச்சிருந்தாலும் நிறம் மாறாது" என்றார். பழைய மது, கறுப்பு என்றெல்லாம் நீ எழுதியது உங்கள் ஊர் வெயிலில் கிடந்த கறியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேன்ஸி தட்டை நக்கிய நக்கில் தட்டு அடுக்களை தாண்டிக் கூடத்துக்குப் போய்விட்டது. அரிப்பும் குறைந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஷெரில் வந்திருந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தவள், "என்ன அத்தை இது, நாணயத்துல இருக்கிற பிராணியையா நாய்க்குப் போடுறீங்க?" என்றாள். எனக்குப் பதில்கள் மறுநாள் காலையில்தான் வருகின்றன. இம்முறை மறுநாளும் வரவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது, அடுத்த முறை சொல்கிறேன்.

பிஷப்பின் காதை என் சார்பில் தடவிக்கொடு.

உன் தங்கை,
நோலா


வரண்டில்லா
2 மே 1994

அன்புத் தங்கை நோலாவுக்கு,

நான் நலமாயிருக்கிறேன், ஊர் நலமாயில்லை. உன் நலத்தை முதலில் விசாரித்துவிட்டுத் தொடர்கிறேன். குளிர்காலம் வருகிறது, கழுத்தை மூடிக்கொள்.

ஷெரிலுக்கு இதைச் சொல். நாணயத்தின் மறுபக்கத்தில் மகாராணி இருக்கிறார். அவரிடமும் பேன்ஸியைப் போன்ற குட்டைக்கால் நாய்கள் உண்டு. அவை என்ன தின்கின்றன என்று எவரும் அரண்மனைக் கதவைத் தட்டி விசாரித்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் கீத் லாரிகனின் மேய்ச்சல் நிலத்தில் ஒன்பது ஆட்டுக்குட்டிகள் கடிபட்டுக் கிடந்தன. அது வருந்தத்தக்கது, வருந்தினேன். மறுநாள் மளிகைக் கடை வாசலில் அவர் என்னை வழிமறித்தார். நடந்த உரையாடலை உள்ளபடியே தருகிறேன்.

"வால்டா, உன் பிஷப்புக்கு ரத்த ருசி ஏறிப்போச்சு."

"யார் பாத்தது, கீத்?"

"பாக்கணுமா என்ன? இந்த ஊர்ல பச்சைக் கறி தின்கிற நாய் ஒண்ணுதான் இருக்கு."

"உன் நாய்ங்களும் கங்காருதான் தின்னுதுங்க. அதே டெஸ் ஹாலம்தான் சுட்டுக் கொண்டாந்து உனக்கும் போடுறான், எனக்கும் போடுறான்."

"என்னுது வெந்த கறி தின்னுதுங்க. மரியாதையான நாய்ங்க."

அங்கே நின்றிருந்த டெஸ்ஸுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "பாத்துக்க வால்டாக்கா, அடுத்த வருஷம் உன் பிஷப்பு வயித்துல பை முளைச்சுக் குட்டி சுமக்கப் போவுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; நகைச்சுவை அதற்குரிய மரியாதையைப் பெறத்தான் வேண்டும். ஆனால் லாரிகன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கவுன்சிலிலிருந்து ஆணை வந்தது. ஜூன் ஏழாம் தேதி விசாரணை. குற்றம் உறுதியானால் பிஷப்பைச் சுட்டுவிடுவார்கள்.

குட்டிகள் கடிபட்டுக் கிடந்த அன்று காலை ஏழு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது பிஷப் வாசற்படியில் இருந்தான் என்று கவுன்சில் எழுத்தரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என் தரப்பு வாதத்தில் பேன்ஸிக்கு முக்கிய இடம் உண்டு. மாநிலத் தலைநகரில், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, பச்சைக் கங்காரு தின்றுவரும் ஒரு நாய், பூனைக்குட்டியைக்கூடச் சீண்டாமல் வாழ்கிறது என்பதை இவர்கள் அறிய வேண்டும். அவளுடைய உடல்நிலை, குணம், உறக்கம் ஆகியவற்றை விவரித்து ஒரு சான்றுரை எழுதி அனுப்பு. அடக்கத்தோடு எழுதாதே.

உன் அக்கா,
வால்டா


பிரிஸ்பேன்
20 மே 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. ஒன்பது குட்டிகள். பாவம். பிஷப்பும் பாவம்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்குப் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள், பச்சை. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பேன்ஸியைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறாள். சான்றுரை எழுத உட்கார்ந்தேன், சரியாக வரவில்லை. உனக்கு வருவதுபோல எனக்கு வார்த்தை வராது. அவளைக் கட்டாயம் இதில் இழுக்க வேண்டுமா? உன்னிடம் பிஷப்பே இருக்கிறானே. அவனைப் பார்த்தாலே தெரியாதா?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நோலா


வரண்டில்லா
12 ஜூன் 1994

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாகவே இருக்க வேண்டும். எழுத்தில் நடுக்கம் தெரிந்தது, குளிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

விசாரணை முடிந்தது, முடிவு வரவில்லை. நீல உடையை அணிந்து சென்றேன். மேசைக்கு அந்தப்பக்கம் மேயர் ஹால்ஸ்டெட், கவுன்சிலர்கள், எழுத்தர் க்ளைவ் பார்ஜிட்டர். இந்தப்பக்கம் நானும் பிஷப்பும். விசாரணை நடந்த நேரம் முழுவதும் பிஷப் மேயரின் காலணிமீது தலைவைத்து உறங்கினான். அது என் வழக்குக்கு வலுச் சேர்த்ததா குலைத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் அப்பாவின் நோயைச் சொன்னேன். அடுத்துச் செவிலி உண்மையில் சொன்னதைச் சொன்னேன். மருத்துவர் அறிவுரைப்படி பிரிஸ்பேனில் கங்காரு தின்று, அரிப்பு நீங்கி, ஒளிவீசும் மயிரோடு வாழும் என் தங்கையின் நாயைப் பற்றிச் சொன்னேன். சான்றுரை பின்னர் வரும் என்றும் உறுதியளித்தேன். க்ளைவ் எழுதிக்கொண்டார்.

மேயர் கெட்ட மனிதரல்ல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "மிஸ் பென்ரோஸ், உங்க நாய்தான் கடிச்சுதுன்னு யாரும் கண்ணால பாக்கல. அதனால ஒரு வழி சொல்றேன். இனிமே பச்சைக் கங்காரு போட மாட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நாயக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

"எதுக்காகன்னு அதுல எழுதியிருக்கு?"

க்ளைவ் வாசித்தார். "பச்சைக் கங்காருக் கறி நாயின் கொலைவெறியைத் தூண்டுவதால்."

"அந்த வரிய எடுத்துடுங்க, யோசிக்கிறேன்."

"அந்த வரி இல்லேன்னா மத்ததுக்கு அர்த்தம் என்னம்மா?" என்று லாரிகன் பின்வரிசையிலிருந்து கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். அந்த வரி இல்லாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை. எனவே கையெழுத்திடவில்லை. ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமைவரை அவகாசம் தந்திருக்கிறார்கள். அதற்குள் ஒப்பமிடாவிட்டால் பிஷப்பை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

நீ நினைப்பது தெரிகிறது. ஒரு வரிதானே என்கிறாய். நோலா, பிஷப் குற்றம் செய்தவன் என்று ஒருவர் கண்ணால் கண்டு சொல்லட்டும், நானே கதவைத் திறந்துவிடுகிறேன். காணாத ஒன்றைக் கறியின் தலையில் கட்டி, அதற்கடியில் பென்ரோஸ் என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நூலக அலமாரிகளைத் துடைத்துக்கொண்டே படித்தவள். மெய்யென்று நான் ஒப்பாத ஒரு வாக்கியத்தின் கீழ் இதுவரை என் பெயரை எழுதியதில்லை.

சான்றுரையை உடனே அனுப்பு. பேன்ஸி எப்படியிருக்கிறாள் என்று ஒரு வரியாவது எழுது. 'இருக்கிறாள்' என்பதை வரியாக நான் ஏற்கவில்லை.

உன் அக்கா,
வால்டா


வரண்டில்லா
3 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

என் சென்ற கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ நோயுற்றிருந்தால் ஷெரிலைக் கொண்டாவது எழுதச் சொல்.

இங்கே பிஷப்பை இனி இரவும் பகலும் கட்டிவைக்க வேண்டுமென்று ஆணை. கட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்குச் செய்தித்தாள் வாசிக்கிறேன். என் வேலியில் யாரோ கரித்துண்டால் கங்காரு வரைந்து, அதன் வாயில் ஆட்டுக்குட்டியைக் கொடுத்திருந்தார்கள். காதுகள் தவறாக இருந்தன. திருத்தி, வெயிலில் அழியாதபடி அதன்மேல் வண்ணமும் பூசிவைத்தேன்.

டெஸ் வழக்கம்போல் வியாழக்கிழமைகளில் கறி கொண்டுவருகிறான். "பின்வாசல் வழியா வரவாக்கா?" என்றான். முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டுமென்று சொல்லிவிட்டேன்.

எழுது.

வால்டா


பிரிஸ்பேன்
9 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு நோய் ஒன்றுமில்லை. நீ நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

ஏப்ரல் கடைசியில் பேன்ஸி தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனாள். கொழுப்பு ஏறிய நாய், ஒரு வேளை பட்டினி நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். உன் மே மாதக் கடிதம் வந்த வாரம் அவளுக்குப் பின்கால்கள் பின்னின. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு நாள் அடுக்களைச் சுவரில் மோதி விழுந்து, கண் விரிந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நான் தரையில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கங்காருதான் என்று நினைத்தேன் அக்கா. ஊர் சொன்னது உண்மை, அக்கா சொன்னது பொய் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

மருத்துவர் முதலில் தலையில் கட்டியாக இருக்குமோ என்றார். பிறகு என்ன தின்கிறாள் என்று கேட்டார். மிச்சமிருந்த கறியை எடுத்துப் போனேன். முகர்ந்து பார்த்தார். "இதென்னம்மா, வாங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். ஒரு வாரம் என்றேன். "ஒரு வாரத்துக் கறி இவ்ளோ சிவப்பா இருக்காது. கெடாம இருக்கத் தூள் கலக்கிறாங்க. கந்தகத் தூள். அது கறியில இருக்கிற ஒரு வைட்டமினையே தின்னுடும். அது இல்லாம மூளை தடுமாறுது" என்றார். "அப்போ கங்காரு கெடுதல் இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். "கங்காரு என்ன பண்ணுச்சு பாவம். மாடா இருந்தாலும் இதேதான்" என்றார்.

உன் விசாரணைக்கு மறுநாள்தான் ஊசி போட்டார்கள். மறுவாரம் எழுந்து நடந்தாள். பிழைத்துவிட்டாள் அக்கா. தலை மட்டும் நேராகவில்லை. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பவள் போலச் சாய்த்தே பார்க்கிறாள்.

நான் விரும்பிய அந்த ரோஜா நிறம்தான் காரணம். நீ கறுப்பு என்று எழுதியிருந்தாய், நான் சிவப்பை வாங்கினேன். உனக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நீ அவளைச் சாட்சியாக்கிவிட்டாய். கங்காரு தின்ற நாய் விழுந்துவிட்டது என்று நான் எழுதினால், கறி வேறு தூள் வேறு என்று அந்த மேசையில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? என் வார்த்தையால் பிஷப் சாகக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. சான்றுரை கேட்டால் தங்கைக்குக் கைவலி என்று சொல்லிவிடு. முடிந்தால் கையெழுத்துப் போட்டுவிடு. ஒரு வரிதானே அக்கா, நாய்க்குப் படிக்கத் தெரியாது.

இன்னொன்று. ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது பிஷப் வாசற்படியில் இருந்தான் என்று எழுதியிருந்தாய். ஏழு மணிக்கு முன்னால் எங்கே இருந்தான்?

நோலா


வரண்டில்லா
20 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். பேன்ஸி நடக்கிறாள் என்பது முதல் செய்தி. மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் நிற்கட்டும். கறியின் நிறத்தைச் சொன்ன நான், கடையின் தந்திரத்தைச் சொல்லவில்லை. அறிந்திருக்கவில்லை. அறியாததையும் அறிந்தவள்போல் எழுதிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். நேற்றுச் சொல்லிவிட்டு வந்தேன். கவுன்சில் ஏட்டில் பேன்ஸி ஒளிவீசும் மயிரோடு வாழ்கிறாள் என்று என் வாய்மொழியாகப் பதிவாகியிருக்கிறது. நான் அதைச் சொன்ன அன்று அவள் ஊசிக்குக் காத்துக் கிடந்தாள். அந்தப் பொய்யைத் திருத்தாமல் அந்த மேசைக்கு முன்னால் இன்னொரு முறை நிமிர்ந்து நிற்க என்னால் ஆகாது.

நடந்தது நீ அஞ்சியபடியேதான்.

"அப்போ கங்காரு தின்ன நாய் விழுந்துடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க" என்றார் லாரிகன்.

"தூள் தின்ன நாய் விழுந்துச்சு, கீத். மாட்டுக் கறியில கலந்திருந்தாலும் விழுந்திருக்கும்."

"ஆனா கலந்தது கங்காருவுலதானே?"

"உன் கிணத்துல யாராவது விஷம் போட்டா தண்ணி கெட்டதுன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன். குடிக்கவும் மாட்டேன்."

அறை சிரித்தது. இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மேயர் ஹால்ஸ்டெட் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே படிக்கட்டில் என்னைத் தனியே நிறுத்தி, "வால்டா, நீ வந்து இதச் சொல்லணும்னு யாரும் கேக்கல. வாய மூடிட்டு இருந்திருக்கலாமே. இப்பவாவது கையெழுத்தப் போடு, எனக்கு அந்த நாயப் பிடிச்சிருக்கு" என்றார்.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு" என்றேன். கையெழுத்திடவில்லை.

நாய்க்குப் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். அந்த வரியின் கீழ் என் பெயர் நின்றால், அடுத்த ஆண்டு எந்தக் குட்டி செத்தாலும், எந்த வீட்டில் பச்சைக் கறி இருக்கிறதென்று பார்த்துத்தான் துப்பாக்கி போகும். அதற்கு என் கையெழுத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

நீ கேட்ட கேள்விகளுள் ஒன்றுக்கு இக்கடிதத்தில் விடையில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

வானம் தெளிவாயிருக்கிறது. இன்று பிஷப்பைக் குளிப்பாட்டினேன். அடுத்த வியாழக்கிழமைக்கான கறியை டெஸ்ஸிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை க்ளைவ் வண்டியோடு வருவாராம்.

உன் மூச்சைப் பார்த்துக்கொள்.

வால்டா


பிரிஸ்பேன்
10 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நான், பேன்ஸி, பிஷப், மூவரும் நலம். என்னவர் ஆல்ஃப் இறந்த பிறகு அவருடைய காரை நகர எல்லை தாண்டி ஓட்டியதில்லை. உன்னிடம் வரும் வழியில் இரண்டு இடங்களில் தவறான சாலையில் போனேன். திரும்பும்போது ஒரே இடத்தில்தான்.

நான் கேட்காமல் வந்தேன். நீ வரச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. வியாழக்கிழமை மதியம் காரைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பிஷப்பின் பாயைக் கொண்டுவந்து பின்னிருக்கையில் விரித்தாயே, அதற்குப் பிறகு எனக்கும் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. டெஸ் கொண்டுவந்த கறியைப் பனிக்கட்டியில் வைத்துக் கட்டிக்கொடுத்ததற்கு நன்றி. தீர்ந்தது. இப்போது மனிதர்கள் தின்பதற்கென்று கங்காரு விற்கும் இறைச்சிக் கடை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். முழுத்துண்டாக வாங்கி நானே நறுக்குகிறேன். நீ எழுதிய நிறம் அப்படியே இருக்கிறது. பேன்ஸியும் அதைத்தான் தின்கிறாள். ஷெரில் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆனப்புறமுமா அத்தை?" என்றாள். "இவ்வளவு ஆனதாலதான்" என்றேன்.

திங்கட்கிழமை உங்கள் க்ளைவ் பார்ஜிட்டர் தொலைபேசியில் வந்தார். உனக்குத் தெரிய வேண்டுமென்று எழுதுகிறேன்.

"அம்மா, அந்த நாய் உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா. என் கால்கிட்டதான் படுத்திருக்கு."

"எங்க வட்டாரத்த விட்டுப் போனதால எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா கோப்ப முடிக்கணும். இனி திரும்பி வராதுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும்."

"வராதுன்னு யார் சொன்னது?"

"வருமா?"

"அக்கா கூப்பிட்டா வரும்."

பிறகு, "இப்ப என்னம்மா சாப்பிடுது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

"கங்காரு. பச்சையா. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேம்மா."

"எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க, அக்கா பார்ப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த ஏழு மணிக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் இங்கே எதிர்வீட்டுக்காரரின் கோழிகள் நாள் முழுவதும் வேலியடியில் மேய்கின்றன. பிஷப் அவற்றைப் பார்க்கிறான், கொட்டாவி விடுகிறான். இது ஒன்றையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். எழுதத் தோன்றியது.

நாற்காலியில் தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறாயா?

நோலா


வரண்டில்லா
4 செப்டம்பர் 1994

அன்புத் தங்கைக்கு,

நலம். ஆம், படிக்கிறேன், சத்தமாகவே படிக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் செய்திகளின் தரம் குறைந்துவிடவில்லை. உங்கள் மூவரின் நலமும் நீடிக்கட்டும்.

சென்ற புதன்கிழமை கீத் லாரிகன் என் வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கங்காரு வரைந்த வேலிக்கு அப்பாலேயே நின்றார்.

"இன்னும் ஏழு போச்சு, வால்டா."

"எப்போ?"

"நேத்து ராத்திரி."

"என் நாய் பிரிஸ்பேன்ல இருக்கு, கீத்."

"தெரியும்."

"இங்க மிச்சமிருக்கிற நாய் எல்லாம் வெந்த கறி தின்கிற நாய்."

"அதுவும் தெரியும். காட்டு நாயா இருக்கும்னு டெஸ் சொல்றான்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். நாய் வாசல்ல இல்லாம உனக்கு வீடு எப்படி இருக்கு?"

நான் ஆயத்தமாக வைத்திருந்த வாக்கியங்கள் பல. மே மாதத்திலிருந்து மெருகேற்றிவந்தவை. அவற்றுள் எதையும் சொல்லவில்லை. உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தேன். அவர் குட்டிகளைப் பற்றிப் பேசினார். நெடுநேரம் பேசினார். போகும்போது, "இருந்தாலும் வேகவெச்சே போட்டிருக்கலாம் நீ" என்றார். அவருக்குத் தேநீர் கொடுத்ததற்காக நான் இன்னும் வருந்தவில்லை, ஆனால் வருத்தத்தை நெருங்கினேன்.

மறுநாள் க்ளைவ் வந்தார். நாய் வட்டாரத்தில் இல்லாததால் கோப்பு மூடப்பட்டது என்றார். மூடியதற்குக் காரணம் கறி குற்றமற்றது என்று எழுதும்படி கேட்டேன். "அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா. மூடிட்டாங்க, விட்டுடுங்களேன்" என்றார். மூடிய கோப்பை எவரும் திறந்து பார்ப்பதில்லை, நோலா. ஊரும் அதைத்தான் விரும்புகிறது. பிஷப் சந்தடியின்றித் திரும்பி வரலாம், நான் சந்தடியின்றி அவனுக்கு உணவிடலாம், டிரம்கள் தத்தம் கொல்லையில் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. வரும் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வந்து சேர். அந்நேரம் ஊர் முழுவதும் கடைத்தெருவில்தான் இருக்கும். என் வீட்டுக்கு வராதே. காரை ஹோட்டல் வாசலில் நிறுத்து. நான் நீல உடையில் அங்கே நிற்பேன். பிஷப்பை இறக்கு, பேன்ஸியையும் இறக்கு, அவள் தலையைச் சாய்த்தபடியே நடக்கட்டும், ஏனென்று கேட்பவர்களுக்குத் தூளைப் பற்றி நீ சொல், கறியைப் பற்றி நான் சொல்கிறேன். தெருவின் ஓரமாக அல்ல, நடுவாக, ஹோட்டலிலிருந்து கவுன்சில் படிக்கட்டுவரை நடப்போம். டெஸ் அன்று காலை கொண்டுவரும் கறியைத் தாளில் சுற்றாமல் தட்டில் வைத்து நானே ஏந்தி வருவேன். படிக்கட்டின் அடியில் தட்டை இறக்கிவைப்பேன்; பிஷப் அங்கேயே தின்பான்.

தாமதமாக வராதே. அந்தக் கறியில் தூள் எதுவும் கலந்திருக்காது, வெயில் ஏறினால் கெட்டுவிடும். கேட்க விரும்புகிறவர்கள் நண்பகலுக்குள் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
வால்டா பென்ரோஸ்